மழை பெய்தால் வீட்டிலிருந்து வேலை, வெயிலடித்தால் ஆபீஸ்: ஐந்து நாள் உத்தரவு வந்தவர்கள் என்ன செய்கிறீர்கள்?

தாமிரபரணிக்காரி

போன வாரம் எங்கள் ஐ.டி. கம்பெனியிலும் அந்த மெயில் வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு வர வேண்டும். விதிவிலக்கு வேண்டுமென்றால் பிசினஸ் ஹெட் ஒப்புதல் வேண்டும். மேனேஜர், டெலிவரி மேனேஜர் சொல்வதெல்லாம் செல்லாது.

2020-ல் ஊருக்கு வந்தவள் நான். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். கணவர் இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர். அவர் சென்னைக்கு வர வேண்டுமென்றால் மாறுதல் கலந்தாய்வு வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தாலும் அங்கே காலியிடம் இருக்க வேண்டும். மகள் மூன்றாம் வகுப்பு, பாதி வருடம் ஓடிவிட்டது. ஒரு மாதத்தில் வீடு பார், பள்ளியை மாற்று, ஆபீசுக்கு வா என்றால் எப்படி?

போய்த்தான் ஆக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருந்தால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். என் டீம் லீட் புனேயில். டெஸ்டிங் ஆட்கள் ஹைதராபாத்தில். கிளையன்ட் நியூ ஜெர்சியில். சென்னையில் இந்த பிராஜக்டில் இருப்பது நானும் இன்னொரு பையனும்தான், அவனும் பாதி நேரம் வேறு கிளையன்ட் அக்கவுண்டுக்கு வேலை பார்க்கிறான். அதாவது சோழிங்கநல்லூர் வரை போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பேசிய அதே டீம்ஸ் காலில் சேர வேண்டும். மேனேஜரிடம் கேட்டேன். "எனக்கே அந்த மெயிலைப் பார்த்துத்தான்மா தெரியும்" என்றார். பொய் சொல்லவில்லை, குரலிலேயே தெரிந்தது.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து பள்ளிக்கரணை, பெருங்குடியெல்லாம் மூழ்கியபோது எல்லாரும் வீட்டிலிருந்தே பாருங்கள் என்றார்கள். 2024 அக்டோபர் மழைக்கு அரசே ஐ.டி. கம்பெனிகளிடம் அப்படிக் கேட்டுக்கொண்டது. அந்த நாட்களில் எங்கள் பக்கம் எந்த சாஃப்ட்வேர் ரிலீசும் நிற்கவில்லை. தண்ணீர் வடிந்ததும், நேரில் கூடினால்தான் புதுமை பிறக்கும் என்று கம்பெனியின் டவுன் ஹால் கூட்டத்தில் பேசினார்கள்.

கேட்க வந்தது இதுதான். யாருக்காவது விதிவிலக்கு கிடைத்திருக்கிறதா? எதைக் காட்டிக் கேட்டீர்கள்? போகாமலே இருந்தால் என்ன செய்வார்கள்? பேப்பர் போடுவது (ராஜினாமா) கடைசி வழி. ஈ.எம்.ஐ. இருக்கிறது.

மேடவாக்கம் மாடிவீடு

அக்கா, சென்னையிலேயே இருக்கிறவன் கதையையும் கேளுங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஒரு மெட்ரோ தடம், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை இன்னொரு தடம். இரண்டும் வந்து முட்டுகிற இடத்தில்தான் எங்கள் ஆபீஸ். மேடவாக்கத்திலிருந்து போகிற சாலையிலும் தடுப்பு, ஓ.எம்.ஆரிலும் தடுப்பு. ரயில் ஓடும்போது நான் ஓய்வு பெற்றிருப்பேன்.

சரி, அது கம்பெனியின் தப்பில்லை. உள்ளே போன பிறகு நடப்பதைச் சொல்கிறேன். ஆளுக்கொரு சீட் கிடையாது. ஆப்பில் முந்தின நாளே புக் பண்ண வேண்டும், ராத்திரி பார்த்தால் உங்கள் ஃப்ளோரில் ஒன்றும் இருக்காது. ஆறாம் மாடி டீம் இரண்டாம் மாடியில் சிதறிக் கிடக்கும். சிலர் கேஃப்டீரியாவில் உட்கார்ந்து தினசரி ஸ்டாண்ட்அப் மீட்டிங் பேசுவார்கள், பின்னால் மிக்ஸி சத்தம் கேட்கும்.

ஸ்வைப் கணக்கு அதைவிட வேடிக்கை. கேட்டுக்கு வெளியே டீ குடிக்கப் போனால் கடிகாரம் நின்றுவிடும். முதல் ஸ்வைப்பிலிருந்து கடைசி ஸ்வைப் வரை கணக்கில்லை, உள்ளே இருந்த நேரம் மட்டும்தான் கணக்கு. எங்கள் டீமில் ஒரு பெண், முன்னால் போனவர் கதவைப் பிடித்துக்கொண்டதால் கார்டு காட்டாமலே உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க வேலை பார்த்தாள், இரண்டு டிஃபெக்ட் (சாஃப்ட்வேர் பிழை) முடித்தாள். சிஸ்டத்தில் அவள் வரவே இல்லை. டிக்கெட் போட்டு, சிசிடிவி பார்த்து, மேனேஜர் ஒப்புதல் வாங்கி, ஒரு வாரம் கழித்து அந்த நாளைத் திரும்ப வாங்கினாள். முடித்த இரண்டு டிஃபெக்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கோவைக் குசும்பு

கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறவர் மாதிரி ஆகிவிட்டார்கள் மேனேஜர்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று மட்டும் குறிப்பு. பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று அவருக்கே தெரியாது.

பழைய டெலிவரி

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஐ.டி. டெலிவரியில் (பிராஜக்டை முடித்துக் கொடுக்கும் பக்கம்) இருந்தவன். இப்போது சின்ன கம்பெனிக்கு ஆலோசகர்.

2020, 21-ல் சேர்ந்த பிள்ளைகளைப் பாருங்கள். லேப்டாப் கூரியரில் வந்தது, வேலை யூடியூப் பார்த்துக் கற்றது. புரொடக்‌ஷன் விழுந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றுகூடத் தெரியாது. பக்கத்து சீட்டில் சீனியர் போனில் கிளையன்டைச் சமாளிப்பதைக் கேட்டே நாங்கள் பாதி வேலை கற்றோம். அதை எந்த டிரெய்னிங் போர்ட்டலும் கொடுக்காது.

அப்புறம் மூன்லைட்டிங். ஒரே நேரத்தில் போட்டியாளரிடமும் வேலை பார்த்தார்கள் என்று 2022-ல் விப்ரோ 300 பேரை அனுப்பியது நினைவிருக்கும். கிளையன்டுகள் அதற்குப் பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். வங்கி பிராஜக்டில் ஓ.டி.சி.க்குள் (அந்த கிளையன்டுக்கென்று ஒதுக்கிய தனிப் பகுதி) போனையே விடமாட்டார்கள், அதை வீட்டு ஹாலில் எப்படிச் செய்வது? எஸ்.இ.இசட். (சிறப்புப் பொருளாதார மண்டலம்) விதியும் இருக்கிறது. வரிச்சலுகை வாங்கிய கட்டடத்தில் ஆள் இல்லாவிட்டால் அரசு கேட்கும்.

மேனேஜ்மென்ட் எல்லாம் முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஃப்ரெஷர் 2021

சார் சொல்கிற பிள்ளைகளில் நானும் ஒருத்தன். முதல் இரண்டு வருடம் என் லீடின் முகத்தையே பார்த்ததில்லை, கேமராவை யாரும் போடமாட்டார்கள். சந்தேகம் கேட்க மெசேஜ் போட்டுவிட்டு மஞ்சள் புள்ளி பச்சையாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆபீசுக்குக் கூப்பிட்டபோது சந்தோஷப்பட்டவன் நான்.

போய்ப் பார்த்தால் சீனியர்கள் யாரும் இல்லை. அவர்கள் புனே, நொய்டா. சிலர் ஆன்சைட், கிளையன்டின் நாட்டில். பக்கத்து சீட்டில் இன்னொரு டீமின் ஃப்ரெஷர், அவனும் யாரையோ தேடிக்கொண்டிருந்தான். பல்லாவரத்தில் பி.ஜி. வாடகை, தினம் பஸ், மதியம் ஃபுட் கோர்ட் விலை. சம்பளத்தில் ஊருக்கு அனுப்ப மிச்சம் இல்லை. கற்றுக்கொண்டது என்னவோ இன்னமும் யூடியூபில்தான்.

தரவுப்பித்தன்

பழைய டெலிவரி சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது, ஆய்வுகளும் அவர் பக்கம் ஓரளவு பேசுகின்றன. ஆனால் முழுசாக இல்லை.

ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் இதிலேயே பல வருடமாக இருக்கிறவர். அவருடைய முதல் ஆய்வு சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் நடந்தது. 249 கால் சென்டர் ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. ஆனால் அதே வேலைத்திறனுக்கு அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. கண்ணில் படாதவனை மேனேஜர் மறந்துவிடுகிறார், அங்கேயும்.

அதே நிறுவனம் பிறகு டிரிப்.காம் ஆனது. அங்கே 1,612 பேரிடம் நடந்த இரண்டாவது ஆய்வு 2024-ல் நேச்சர் இதழில் வந்தது. இவர்கள் கால் சென்டர் ஆட்கள் இல்லை. மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ், இன்ஜினியரிங். வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ். வேலைத்திறனிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் தெரியவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களிடமும், ரொம்ப தூரத்திலிருந்து வருகிறவர்களிடமும் அந்தக் குறைவு அதிகம். ஆய்வுக்கு முன்னால் அங்கிருந்த மேனேஜர்கள் உற்பத்தி குறையும் என்று நினைத்தார்கள். முடிந்தபோது சற்றுக் கூடியதாகச் சொன்னார்கள்.

இந்த இழைக்கு ரொம்பப் பொருந்துகிற ஆய்வு இன்னொன்று. ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களைப் பற்றியது. ஒரே கட்டடத்தில் சேர்ந்து உட்கார்ந்த குழுக்களில் ஜூனியர்களுக்குக் கோட் ரிவ்யூவில் (எழுதிய கோடைச் சக ஊழியர் சரிபார்ப்பது) கூடுதல் கருத்துகள் கிடைத்தன. பழைய டெலிவரி சொன்ன 'பக்கத்து சீட்' விஷயம் நிஜம். ஆனால் ஒரே ஒரு ஆள் வேறு கட்டடத்தில் இருந்தாலும் அந்தப் பலன் குழு முழுவதற்கும் குறைந்துவிட்டது, ஏனென்றால் எல்லாமே ஆன்லைன் மீட்டிங்காக மாறிவிடுகிறது. தாமிரபரணிக்காரியின் டீம் மூன்று ஊர், இரண்டு நாடு. அங்கே ஐந்து நாள் உத்தரவால் செலவு வரும், பலன் வராது. டீமை ஓர் ஊரில் சேர்த்து வைக்காமல் ஆளை மட்டும் கட்டடத்துக்குள் கொண்டுவந்து என்ன பிரயோசனம்?

ஒரகடம்

கோபித்துக்கொள்ளாதீர்கள். கார் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் நான். கொரோனாவிலும் ஷிஃப்ட்டுக்குப் போனேன். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்சைப் பிடிக்க வேண்டும், வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே எங்களுக்குக் கிடையாது. நீங்கள் ஏ.சி. ரூமுக்குப் போவதற்கு இவ்வளவு அழுகிறீர்களே என்று பல சமயம் தோன்றும்.

மேடவாக்கம் மாடிவீடு

அண்ணே, நியாயமான கேள்விதான். உங்கள் கம்பெனி ஆளை வரச் சொன்னால் பஸ் விடுகிறது, கேன்டீனில் சாப்பாடு போடுகிறது, ஷிஃப்ட் முடிந்தால் முடிந்தது. நாங்கள் அதே எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ராத்திரி ஒன்பதரைக்குக் கிளையன்ட் காலுக்கு வீட்டில் மறுபடி லாகின். பஸ்சை நிறுத்திப் பல காலம் ஆச்சு, கேப் இரவு ஷிஃப்ட்டில் வரும் பெண்களுக்கு மட்டும்.

நைட்ஷிப்ட்

அதை நான் நிறுத்திவிட்டேன். ஐந்து நாள் உத்தரவு வந்ததிலிருந்து லேப்டாப்பை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன். முன்பு கிளையன்டுக்காக எந்த நேரமும் எடுத்துப் பேசுவேன், நடுவில் பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவேன், யாரும் யாரையும் கணக்குக் கேட்டதில்லை. இப்போது நீங்கள் மணி நேரம் எண்ணுகிறீர்களா, நானும் எண்ணுகிறேன். ராத்திரி கால் இருந்தால் மறுநாள் தாமதமாக வருவேன் என்று மெயிலிலேயே போட்டுவிட்டேன். மேனேஜருக்கு எரிச்சல்தான். ஆனால் பதில் எழுத அவரிடம் ஒன்றுமில்லை. இரண்டு கால்கள் தாமாகவே ரத்தாகின.

மட்டுறுத்துனர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். உங்கள் சொந்த அனுபவத்தில் கம்பெனி பெயரும் மேனேஜர் பெயரும் வேண்டாம். செய்தித்தாளில் வந்த பொதுச் செய்தியைப் பேசலாம்.

பெயர் வேண்டாத எச்.ஆர்.

மட்டுறுத்துனர் சொன்னதால் பொதுவில் வந்ததை வைத்தே பேசுகிறேன். இந்தத் துறையில் இருக்கிறவள், ஆனால் இந்த மெயில்களை எழுதுகிறவள் இல்லை. எனக்கும் டிராஃப்ட் வரும், கமா திருத்தச் சொல்லி.

உங்கள் கோபத்தில் பாதி, வாக்கு மாறியதால் வந்தது. டி.சி.எஸ். 2020-ல் சொன்ன '25க்கு 25' யாருக்காவது நினைவிருக்கிறதா? 2025-க்குள் எந்த நேரத்திலும் 25 சதவீத ஊழியர்கள் மட்டும் ஆபீசில் இருந்தால் போதும் என்றார்கள். நாடே பாராட்டியது. 2023 அக்டோபரில் ஐந்து நாளும் வாருங்கள் என்றார்கள். 2024-ல் வேரியபிள் பே (சம்பளத்தில் மாறும் பகுதி) வருகையோடு இணைந்தது: 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் காலாண்டுக்கு ஒன்றுமில்லை, 85-க்கு மேலே இருந்தால்தான் முழுத்தொகைக்குத் தகுதி. இந்த வாக்கை நம்பி ஊரில் வீடு கட்டியவர்கள் எத்தனையோ பேர். அமேசானும் அதே பாதைதான். 2023 மே மாதம் மூன்று நாள், 2025 ஜனவரி 2 முதல் ஐந்து நாள். கடைசியில் சில ஊர்களில் உட்கார மேசை போதாமல் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். வீடியோ கால் விற்கும் ஜூம் நிறுவனமே 2023-ல், 50 மைலுக்குள் இருப்பவர்கள் வாரம் இரண்டு நாள் வாருங்கள் என்றது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

பழைய டெலிவரி சார், எஸ்.இ.இசட். காரணம் முழுசாக நிற்காது. 2022 ஜூலையில் 43ஏ விதி வந்து 50 சதவீதம் பேர் வரை வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. அந்த வருட டிசம்பரிலேயே அதைத் தளர்த்தி எல்லாருக்கும் என்று ஆக்கினார்கள், பிறகு 2024 கடைசி வரை நீட்டித்தார்கள். அவ்வளவு காலம் அரசு அனுமதித்தும், பல கம்பெனிகள் அதற்குள்ளேயே ஆட்களைக் கூப்பிட்டுவிட்டன.

பிறகு ஏன் கூப்பிடுகிறார்கள்? ஒரே காரணம் இல்லை. நீண்ட கால லீஸ் எடுத்த கட்டடம் காலியாகக் கிடந்தால் போர்டில் கேள்வி வரும். கிளையன்டே ஐந்து நாள் என்று மாறினால் வெண்டரையும் மாறச் சொல்வார். யாரும் வெளியே சொல்லாத காரணம், தானாகப் போகிறவர்களுக்குச் செவரன்ஸ் (பணிநீக்க இழப்பீடு) கொடுக்க வேண்டாம். நான் கற்பனை செய்யவில்லை. 2024 நவம்பரில் ஈலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் அமெரிக்க அரசு ஊழியர்களைப் பற்றிப் பத்திரிகையிலேயே எழுதினார்கள்: ஐந்து நாள் வரச் சொன்னால் பலர் தாமாகவே போவார்கள், அதை வரவேற்கிறோம் என்று. 2025 ஜனவரி 20-ல் டிரம்ப் பதவியேற்ற அன்றே அந்த உத்தரவும் வந்தது. அவர்களாவது வெளிப்படையாகச் சொன்னார்கள்.

தாமிரபரணிக்காரிக்கு: போகாமலே இருந்தால் பொதுவாக நடக்கும் வரிசை இது. முதலில் தானாக வரும் நினைவூட்டல் மெயில், அப்புறம் மேனேஜருடன் ஒரு கால், அப்புறம் லீவு கழிப்பு அல்லது எல்.ஓ.பி. (சம்பளப் பிடித்தம்), அப்புறம் ரேட்டிங்கில் கை வைப்பது. நேராக வேலையை விட்டு அனுப்புவது கடைசியில்தான். ஆனால் போகாமல் இருக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால் விதிவிலக்கு கேட்டு எழுதிய கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'அனுமதியில்லாமல் வராதவர்' என்று எழுதிவிடுவார்கள், அது ரிலீவிங் லெட்டர் வரை துரத்தும்.

பழைய டெலிவரி

எஸ்.இ.இசட். தேதிகளை விடுங்கள் அம்மா. வாக்கு மாறினார்கள் என்பதற்கும் பதில் உண்டு: 2020-ல் சொன்னது நோய்க்கால நிலைமைக்கு. பிசினஸ் மாறினால் கொள்கை மாறும்.

பெயர் வேண்டாத எச்.ஆர்.

மாறட்டும் சார். அதே மெயிலில் 'இடம்பெயர்கிறவர்களுக்கு உதவித்தொகை' என்று ஒரு வரி இருந்ததா? ஒரு மாத அவகாசம், பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஓனர், நடுவருடத்தில் பள்ளி சேர்க்கை. கொள்கையை மாற்றியது கம்பெனி, செலவு முழுக்க ஊழியர் தலையில்.

சட்டப்புள்ளி

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை: தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் ஒழிய. ஓனர்கள் அந்த 'ஒழிய'வில்தான் குடியிருக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு. வீட்டிலிருந்து வேலை செய்வது உரிமை என்று சொல்லும் பொதுச் சட்டம் இங்கே கிடையாது. 2020 கடைசியில் மத்திய தொழிலாளர் அமைச்சகம் சேவைத்துறைக்கு வெளியிட்ட மாதிரி நிலையாணை (வேலை விதிகள்) வரைவில் அந்த வார்த்தை வந்தது உண்மை, ஆனால் அதுவும் 'நிர்வாகம் அனுமதிக்கலாம்' என்றுதான் சொன்னது. ஆகவே ஆஃபர் லெட்டரை எடுங்கள். வேலை செய்யும் இடம் சென்னை என்றும், எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம் என்றும் இருந்தால் உங்கள் கை பலவீனம். 2020-க்குப் பிறகு உங்கள் இருப்பிடத்தைத் திருநெல்வேலி என்று மாற்றி, 'நிரந்தர ரிமோட்' என்று ஏதாவது மெயிலோ கடிதமோ கொடுத்திருந்தால் அது பெரிய ஆயுதம். கம்பெனி மெயிலை உங்கள் சொந்த மெயிலுக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அதையே காரணமாக்கி ஒழுங்கு நடவடிக்கை எடுப்பார்கள். எச்.ஆர். போர்ட்டலில் உங்கள் சொந்தக் கடிதங்கள் இருக்கும் பகுதியிலிருந்து எடுங்கள்.

பிரசவ விடுப்பிலிருந்து திரும்புகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பிடி இருக்கிறது. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று சேர்த்தார்கள். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் கட்டாயம், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். ஆபீசுக்கு வா என்கிற மெயிலுக்கு, 'காப்பகம் எந்த மாடியில்?' என்று பதில் போட்ட தோழி ஒருத்தியைத் தெரியும். மூன்று மாதம் கேட்டு வாங்கினாள்.

சங்கம் பற்றி யாரும் பேசவில்லை. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016-லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் தொழிலுறவுத் தொகுப்பு வந்திருக்கிறது. சங்கம் என்றதும் நம் ஆட்கள் 'நான் தொழிலாளி இல்லை, அனலிஸ்ட்' என்பார்கள். ஒரகடம் அண்ணனிடம் கேளுங்கள், அந்தக் கம்பெனி பஸ் எப்படி வந்தது என்று.

ஒரகடம்

கேட்டுத்தான் வாங்கினோம். சும்மா வரவில்லை.

கோவைக் குசும்பு

தாமிரபரணி அக்கா, இன்னொரு வழி. 'வீட்டிலிருந்து' என்று கேட்காதீர்கள், 'பக்கத்து ஆபீசிலிருந்து' என்று கேளுங்கள். அந்த ஒரு சொல் மாறினாலே மேலே உள்ளவர்களுக்குத் தலை நிமிர்ந்து கையெழுத்துப் போட முடியும். உங்கள் கம்பெனிக்கு மதுரையிலோ கோவையிலோ கிளை இருக்கிறதா பாருங்கள். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து எல்லாரும் அந்த ஒரே சாலையில் போய்க் குவிந்தோம். இப்போது விழுப்புரத்தில் நியோ டைடல் (சின்ன ஐ.டி. பூங்கா) வந்துவிட்டது, தஞ்சாவூர், சேலத்தில் 2024 செப்டம்பரில் திறந்தார்கள். ஜோஹோ தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டு எத்தனை வருடம் ஆச்சு. ஆள் இருக்கும் ஊருக்கு ஆபீஸ் போகலாம் என்பதை யாரோ ஒருவர் செய்துதான் காட்டியிருக்கிறார்.

நான் கோவையில் அப்படித்தான் தப்பித்தேன். என் டீம் யாரும் இங்கே இல்லை. சரவணம்பட்டிக் கிளைக்குப் போய் ஸ்வைப் செய்கிறேன். வருகை டாஷ்போர்டு பச்சை. வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடம், சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடுவேன்.

காரப்பாக்கம் மெஸ்

ஐ.டி.யில் இல்லை நான். அம்மா காரப்பாக்கத்தில் மெஸ் நடத்துகிறார். 2020-ல் மூடி, இரண்டு வருடம் கழித்துத்தான் திறந்தோம். நீங்கள் திரும்பி வந்ததில் எங்களுக்குப் பிழைப்பு நடக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் முன்பு வந்த கூட்டம் வேறு, இப்போது வருகிற கூட்டம் வேறு. அப்போது டீமாக வந்து ஒரு மணி நேரம் சத்தமாகப் பேசிச் சாப்பிடுவார்கள். இப்போது தனியாக வந்து, காதில் ஹெட்போனோடு, 'மியூட்டில் இருக்கிறேன் அக்கா, சாம்பார் போதும்' என்று கை காட்டிவிட்டு ஓடுகிறார்கள். உள்ளே நேரம் கழிகிறதாம்.

தாமிரபரணிக்காரி

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

சட்டப்புள்ளி சொன்னபடி போர்ட்டலில் தேடினேன். 2022-ல் சம்பள உயர்வுக் கடிதத்திலேயே 'பணியிடம்: திருநெல்வேலி (ரிமோட்)' என்று இருக்கிறது. எனக்கே தெரியாது, யாரும் சம்பளத்தைத் தாண்டிப் படிக்கிறோமா? அதை இணைத்து, குடும்பக் கதை எதுவும் எழுதாமல், டீம் எந்தெந்த ஊரில் இருக்கிறது, எந்த நேரத்தில் எந்த கால், நான் முடித்த ரிலீஸ் எவை என்று ஒரு பக்கம் எழுதினேன். அழுது எழுதிய முதல் வரைவைக் கணவர் படித்துவிட்டு, 'இது மெடிக்கல் லீவு லெட்டர் மாதிரி இருக்கு' என்று கிழித்தார். மதுரைக் கிளையில் வாரம் இரண்டு நாள் வருகிறேன் என்றும் சேர்த்தேன்.

பிசினஸ் ஹெட்டிடமிருந்து நேரடிப் பதில் இல்லை. மேனேஜர் கூப்பிட்டார். பள்ளி ஆண்டு முடியும் வரை, ஏப்ரல் கடைசி வரை ஒப்புதல், அப்புறம் மறுபரிசீலனை. மதுரை இரண்டு நாள் உண்டு. "இதை யாரிடமும் சொல்லாதே" என்றார். புனே லீட் தனியாக மெசேஜ் போட்டான், அவனுக்கு மறுத்துவிட்டார்களாம். அவன் அம்மாவுக்கு நாக்பூரில் கீமோ நடக்கிறது. கடிதத்தில் ஒரு வரி இருந்ததால் எனக்குக் கிடைத்தது, அவனுக்கு இல்லை. அவன் பேப்பர் போட்டுவிட்டான். இந்த பிராஜக்டில் பாதி அவன் தலையில் இருந்தது.

சட்டப்புள்ளி

ஒப்புதல் போனில் சொன்னதா, மெயிலில் வந்ததா?

தாமிரபரணிக்காரி

போனில். மெயிலில் கேட்டால் மேனேஜர் சங்கடப்படுகிறார்.

சட்டப்புள்ளி

அவர் எழுத வேண்டாம். 'இன்று பேசியபடி ஏப்ரல் 30 வரை திருநெல்வேலி, வாரம் இரண்டு நாள் மதுரை. ஏதாவது மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்' என்று நீங்கள் போடுங்கள், எச்.ஆரை சிசியில் வையுங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே ஆவணம். டாஷ்போர்டிலும் விதிவிலக்கு ஏறிவிட்டதா என்று முதல் வாரமே பாருங்கள், இல்லையென்றால் மாதக் கடைசியில் எல்.ஓ.பி. விழும்.

பழைய டெலிவரி

தங்கச்சி, கொள்கை பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் உங்கள் கம்பெனி அந்தப் புனே பையனை விட்டது முட்டாள்தனம். நான் ஆலோசகராக இருக்கும் இடத்தில் முழு ரிமோட், மாதம் ஒருமுறை இரண்டு நாள் சென்னை, போக்குவரத்து அவர்கள் செலவு. நீங்கள் என்ன டெக்னாலஜி? ஜாவாவா, டேட்டா பக்கமா? நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? இருவர் ரெஸ்யூமையும் தனிமடலில் அனுப்புங்கள்.

தாமிரபரணிக்காரி

ஜாவா, ஸ்பிரிங் பூட், கொஞ்சம் கிளவுட். நோட்டீஸ் 90 நாள், அதைத்தான் எல்லாரும் கேட்டுவிட்டு ஓடுகிறார்கள். அவனுடையதை அனுப்பிவிட்டேன் சார், அவனுக்குத்தான் அவசரம். என்னுடையதை ஞாயிற்றுக்கிழமை திருத்தி அனுப்புகிறேன்.